ஊர் அறிந்த சட்டமும் ஊர் அறியாத சட்டமும்

இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு, அரியக்குடி



அரியக்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று திருவேங்கடமுடையான் கோயில். மற்றொன்று, 1890-இல் பிறந்து, கர்நாடக இசைக் கச்சேரிக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்தவர் என்று போற்றப்படும் ராமானுஜ அய்யங்கார். ஆனால் இந்தச் சீமையின் தெருக்களில் வேறொரு வாத்தியமும் ஒலித்திருக்கிறது. கண்மாய் மடை திறப்பா, வரி கட்டக் கெடுவா, ஏலமா, எதுவானாலும் தண்டோரா போட்டுத்தான் ஊருக்குச் சொன்னார்கள். தண்டோரா போட்ட கை நம்முடைய கை. ஆணை யாரோ ஒருவருடையது, அதை ஊர் காதில் போடும் வேலை நம்முடையது. அந்த வழக்கம் கூடாது என்று மாவட்ட ஆட்சியர்களுக்குத் தமிழக அரசு எழுதியதே 2022-இல்தான்.

இந்தச் சொற்பொழிவுக்காக உட்கார்ந்து யோசித்தபோது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. எல்லாருடைய ஆணைக்கும் நாம் தண்டோரா போட்டோம். நமக்கு உரிமை கொடுத்த சட்டத்துக்கு யார் தண்டோரா போட்டார்கள்? இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில், யார் பெயரால் இங்கே கூடியிருக்கிறோமோ அவரிடமிருந்து தொடங்குவோம். செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம் கொண்ட சிறிய மாத இதழ் அது. பிறகு வார இதழாகி, ஏறத்தாழ ஏழாண்டுகள் வந்தது. எந்தப் பெயரைச் சொல்லி நம்மை ஒதுக்கினார்களோ அந்தப் பெயரையே பத்திரிகையின் நெற்றியில் அச்சிட்டார் என்பதை நாம் அடிக்கடி பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பத்திரிகை செய்த வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அரசாங்கத்துக்கு மனு எழுதுவது எப்படி, எந்த அதிகாரியிடம் எதைக் கேட்கலாம், நமக்கென்று என்ன ஆணை வந்திருக்கிறது என்பதையெல்லாம் சேரிக்குக் கொண்டுபோன வேலை அது. அதே 1893-இன் இறுதியில், சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒப்பமிட்ட நீண்ட மனுவை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தேர்வு இங்கேயே நடந்தால் ஆதிக்கச் சாதியினரே அதிகாரிகளாக வந்து உட்காருவார்கள் என்பது அவர்களுடைய அச்சம். கோரிக்கை சரியா தவறா என்று வரலாற்று மாணவர்கள் விவாதிக்கட்டும். நாங்கள் பார்ப்பது அந்தக் கையெழுத்துகளை. பல்லாயிரம் மைல் தொலைவில் இருக்கும் ஒரு சபை தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்று ஒரு கூலித் தொழிலாளிக்குப் புரியவைத்து, அவரிடம் ஒப்பம் வாங்குவதென்றால் அதற்குப் பின்னால் எத்தனை இரவுப் பேச்சு இருந்திருக்க வேண்டும்! குடிமைக் கல்வி என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

அவர் பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போய், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1920-களின் தொடக்கத்தில் திரும்பி வந்து சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். 1924 ஆகஸ்டில் அங்கே அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எந்தச் சாதியாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றை எந்தச் சாதியாரும் பயன்படுத்தலாம். இதற்குத் தடையில்லை என்பது அதன் சாரம். அரசு அதை ஏற்று ஆணையாகவும் வெளியிட்டது. அது நடந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

இனி நம்முடைய மண்ணுக்கு வருவோம். இன்று சிவகங்கை மாவட்டம் என்கிறோம், 1985 வரை இது ராமநாதபுரம் மாவட்டம். 1924-இன் ஆணை வெளிவந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், இதே ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டுப்பாடுகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. இவற்றை மீறியவர்களின் குடிசைகளும் தானியமும் ஆடுமாடுகளும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் எட்டு பதினொன்றாகப் பெருகியது. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும் என்பவை அந்தப் பதினொன்றில் இரண்டு. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யக் கூடாது என்பது இன்னொன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதி பற்றிய தம் நூலில் இவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று சட்டசபையில் நிறைவேறி, அரசாணையாக அச்சானது. மற்றொன்றை எந்தச் சபையும் நிறைவேற்றவில்லை. ஆனால் இந்தச் சீமையில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது? எதை மக்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்?

இதை வைத்து நாங்கள் சொல்ல விரும்பும் செய்தி இதுதான். நம்முடைய கிராமங்களில் சட்ட அறிவு இல்லை என்று சொல்வது தவறு. நூற்றுக்கு நூறு சட்ட அறிவு இருக்கிறது. ஆனால் அது சாதியின் சட்டத்தைப் பற்றிய அறிவு. எந்தத் தெருமுனையில் செருப்பைக் கழற்ற வேண்டும், எந்த வீட்டில் திண்ணைக்கு மேலே ஏறக் கூடாது, யாரை ‘ஐயா’ என்றும் யாரைப் பெயர் சொல்லியும் கூப்பிடலாம் என்பதெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. பல இடங்களில் இன்றும் தெரிகிறது. அதற்குப் பாடநூல் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அரசியலமைப்புச் சட்டத்துக்கோ பாடநூல் இருக்கிறது, எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் குடிமையியல் என்று பாடம் இருக்கிறது, தேர்வு இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. இருந்தும் பிரிவு 17 எதைப் பற்றியது என்று கேட்டால் பட்டதாரிகளே விழிக்கிறார்கள்.

ஏன் இப்படி? சாதியின் சட்டம் நாள்தோறும் பழக்கத்தால் கற்பிக்கப்படுகிறது. மீறினால் தண்டனை உடனே கிடைக்கிறது. அதை நடைமுறைப்படுத்த ஊரே நிற்கிறது. அரசியலமைப்புச் சட்டமோ ஆண்டுக்கு ஒரு நாள், நவம்பர் 26 அன்று, முகப்புரையை உறுதிமொழியாக வாசிப்பதோடு முடிந்துபோகிறது. அதை மீறியவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அதை நம்பி நிற்பவர் தனியாக நிற்கிறார். அரசியலமைப்பு அறத்தை மக்கள் இயல்பாகவே பெற்றிருக்கவில்லை, அதை வளர்த்தெடுக்க வேண்டும் என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்ததன் பொருள் இதுதான். சனநாயகம் இந்த மண்ணின் மேலே தூவப்பட்ட உரமாகவே இருக்கிறது, அடிமண் சனநாயகத்துக்குப் பழகாதது என்பது அவருடைய கணிப்பு.

அவருடைய வாழ்க்கையே ஒரு நெடிய குடிமைக் கல்விப் பணிதான். 1920-இல் ‘மூக்நாயக்’ இதழ், 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, 1927 மார்ச்சில் மகாத் குளம். மகாத் போராட்டத்தை நாம் தண்ணீருக்கான போராட்டம் என்று மட்டும் பார்க்கிறோம். பொது நீர்நிலைகள் எல்லாருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923-இலேயே தீர்மானம் போட்டிருந்தது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றிருந்தது. உரிமை காகிதத்தில் இருந்தது, குளத்தில் யாரும் இறங்கவில்லை. அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துப்போய் அந்தக் காகிதத்தைக் குளத்தங்கரையில் நடந்து வாசித்துக் காட்டினார். அதற்குப் பின் எதிரிகள் தொடுத்த வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிய 1937 ஆனது. பத்து ஆண்டு! ஒரு கை தண்ணீருக்கு.

எங்கள் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் சில தோழர்கள் சேர்ந்து, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பல ஆண்டுகளாக மாலை நேரத்தில் சட்ட வகுப்பு நடத்தி வருகிறோம். ஆரம்பத்தில் நாங்கள் செய்ததெல்லாம் வாத்தியார் வேலை. 14 என்றால் சமத்துவம், 15 என்றால் பாகுபாடு கூடாது, 17 என்றால் தீண்டாமை ஒழிப்பு, 21 என்றால் உயிர் வாழும் உரிமை, 32 என்றால் உச்ச நீதிமன்றத்தை நாடும் உரிமை. பிள்ளைகள் அழகாக ஒப்பித்தார்கள். கைதட்டினோம்.

ஒரு கிராமத்தில் அப்படி ஒப்பித்த இளைஞர் ஒருவரை, கோயில் முன்பாக பைக்கை நிறுத்தினார் என்பதற்காகக் கன்னத்தில் அறைந்துவிட்டார்கள். செய்தி கேட்டு ஓடினோம். புகார் கொடுக்கலாம் வா என்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “அண்ணே, பதினேழு எனக்கு நல்லாத் தெரியும். எங்க அம்மா அவுக தோட்டத்துலதான் வேலை பாக்குது. நாளைக்கு எங்க போகும்?” அன்றிரவு பேருந்துக்குக் காத்திருந்தபோது எங்களில் யாரும் பேசவில்லை. ஆறு மாத வகுப்பில் நாங்கள் எண்களைக் கொடுத்திருந்தோம். அந்த எண்களைத் தாங்கிப் பிடிக்கும் பத்துப் பேரைக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். வகுப்பைப் புத்தகத்திலிருந்து தொடங்காமல் ஊர்ச் சிக்கலிலிருந்து தொடங்கினோம். ஒரு சேரியில் சுடுகாட்டுப் பாதை பிரச்சினை. மழைக்காலத்தில் வயல் வரப்பில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வழுக்கி விழுகிறார்கள். பாதையே கிடையாது என்றது எதிர்த்தரப்பு. பாதை இருந்தது என்றார்கள் கிழவிகள். அங்கே மகளிர் குழுப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் கேட்டு மனுப் போட்டார்கள். சட்டப்படி முப்பது நாளில் வர வேண்டிய பதில் மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் வந்தது. படத்தில் பாதை இருந்தது. அரசுப் புறம்போக்கு. அதைப் பார்த்ததும் ஒரு மூதாட்டி விரலால் கோட்டைத் தடவிப் பார்த்து, “நாஞ் சொன்னப்ப நம்பலையே, காயிதம் சொன்னாத்தான் நம்புவீகளா?” என்று எங்களைக் கேட்டார். கேட்டது எங்களையும் சேர்த்துத்தான்.

பாதை கிடைத்தது. முழுதாக இல்லை, ஒரு வண்டி போகும் அகலம். அதற்கு விலையாக மூன்று குடும்பங்களுக்கு அந்த வயல்களில் வேலை நின்றது. நூறு நாள் வேலையும் மகளிர் குழுக் கடனும் இருந்ததால் அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். இதை மறைத்துவிட்டு வெற்றிக்கதை சொல்ல நாங்கள் தயாரில்லை. உரிமையைக் கேட்பவருக்கு மறுநாள் அடுப்பு எரிய வழியிருக்க வேண்டும். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் கூலிகளாக இருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையையும் எடுத்தார்கள். எழுத்து, சைக்கிள், குவாரி மூன்றும் ஒன்றாக வந்ததால்தான் அந்த எழுத்து நின்றது.

சரி, நடைமுறையில் நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியவை எவை? பிரிவு 17 தீண்டாமையை ஒழித்தது. ஆனால் ஒழிக்கும் கருவி அதற்குப் பின்வந்த சட்டங்களில் இருக்கிறது. 1955-இன் சட்டம் பிறகு குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது, 2016 சனவரி முதல் அதன் திருத்தங்கள் நடப்பில் உள்ளன. புகார் கொடுக்கப் போனால், “விசாரிச்சுட்டுப் போடுறோம்” என்பார்கள். இந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-இன் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. பதிந்த அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத பட்டியல் சாதியல்லாத அரசு ஊழியருக்கு நான்காம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தண்டனை உண்டு. எதிரி பிணை கேட்கும்போது பாதிக்கப்பட்டவரின் வாதத்தையும் நீதிமன்றம் கேட்க வேண்டும், அதற்கு 15அ பிரிவு இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். நம் மாவட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது என்று பத்து ரூபாய் செலவில் நம்மில் யாரும் கேட்கலாம்.

இவ்வளவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை. ஆனால் இங்கே நின்றுவிட்டால் பேச்சு பாதியில் நிற்கும். எப்போதும் நம்மையே வகுப்பில் உட்காரவைக்கிறார்களே, பிரிவு 17 தடை விதிப்பது யார் மேல்? தீண்டாமையைக் கடைப்பிடிப்பவர் மேல் அல்லவா? 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் நாடு முழுவதும் வந்தது. தான் தலைவர் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியாமல் இருந்தது, அல்லது தெரிந்தும் ஏற்காமல் இருந்தது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 தொடங்கி பத்து ஆண்டுகள் தலித் தலைவர் அமர முடியவில்லை, 2006-இல்தான் தேர்தல் முறையாக நடந்தது. மேலவளவில் 1997 சூன் 30 அன்று தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் உயிரையே கொடுத்தார்கள். பக்கத்துக் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமையை நாம் கேட்டதால் தேர் பல ஆண்டுகள் நின்றது. நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் 2024 சூனில் ஓடியது. இந்த எந்த ஊரிலும் பாடம் தேவைப்பட்டது சேரிக்கு அல்ல.

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு முயற்சி நடந்தது. மாவட்ட ஊராட்சி முன்னின்று, பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அரசியலமைப்பைக் கற்பிப்பது என்று முடிவெடுத்து, பயிற்சி பெற்றவர்களை வீடுவீடாக அனுப்பினார்கள். 2023 சனவரியில் அது நாட்டின் முதல் அரசியலமைப்பு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பால் சாதி ஒழிந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லாத் தெருவுக்கும் போனார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. நம் பக்கத்திலும், மதுரையிலிருந்து இயங்கும் மக்கள் கண்காணிப்பகம் 1997 முதல் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைக் கொண்டுபோனது. அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். ஊர்த்தெருவுக்குச் சட்ட வகுப்பு எடுக்க நாங்கள் கேட்டபோது சமுதாயக்கூடத்தின் சாவி கிடைக்கவில்லை. மறுபடியும் கேட்போம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 18 சீனிவாசன் மறைந்த நாள். இரண்டு வாரம் கழித்து அக்டோபர் 2 அன்று கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபை, நம் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் மிகச் சிறிய பாராளுமன்றம். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானது. அதோடு சேரும் கிராமங்களில் கிராம சபை இருக்காது, அங்கே வார்டு குழுவும் பகுதி சபையும் எப்போது கூடும் என்று கேட்க வேண்டும். மற்ற ஊர்களில் தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். பெண்கள் முன்னால் உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு என்ன செலவானது என்று கேளுங்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெறுந்தாளில் போடாதீர்கள்.

கன்னத்தில் அறை வாங்கிய அந்த இளைஞர் இப்போது எங்களோடு வகுப்பெடுக்க வருகிறார். எண்களை அவர் கடைசியில்தான் சொல்கிறார். முதலில் கேட்பது, “உங்களோட யார் யார் வருவாங்க?” என்றுதான். சென்ற மாதம் ஒரு சேரியில் அதற்குப் பதினாறு கைகள் உயர்ந்தன. அவர்களோடு அக்டோபர் 2 காலையில் நாங்களும் போகிறோம்.

செய் பீம்.